‘அவரா? இருக்காதே!’: பக்திமான்களின் பண மோசடியும் ஊரின் கோபமும்

மண்டகப்படி நடத்துகிற ஆடிட்டர், சபையில் மூப்பராக இருக்கிற வக்கீல், ஹஜ் போய்வந்த டாக்டர். இப்படி ஒருவர் ஊராரின் டெபாசிட் பணத்தைச் சுருட்டிவிட்டார் என்று செய்தி வந்தால் மதுரையில் அன்றைக்குப் பேச்சு இரண்டாகப் பிரிந்துவிடும். “படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில்” என்று ஒரு பக்கம் காறித் துப்பும். “அவரைப் போய் அப்படிச் சொல்லாதீங்கப்பா, யாரோ வேணும்னே மாட்டிவிட்டிருக்காங்க” என்று மறுபக்கம் பரிந்து பேசும். இரண்டு பக்கமும் அலசுவது ஒரே கேள்வியைத்தான்: அந்த மனிதரின் பக்தி நிஜமா, வேஷமா?

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்தாலும் போன பணம் திரும்பாது. உள்ளபடியே சாமி கும்பிடுகிறவரும் மோசடி செய்ய முடியும். வேஷக்காரரும் வாங்கிய கடனை ஒழுங்காகக் கட்டிவிட முடியும். நாம் கேட்க வேண்டியவை வேறு. இத்தனை பேர் ஒரு தாளைக்கூடப் பார்க்காமல் எப்படிப் பணம் கொடுத்தார்கள்? பணம் எந்த வழியில் கரைந்தது? விஷயம் தெரிந்த பிறகும் புகார் போக ஏன் வருடக்கணக்கில் ஆகிறது?

நகைக்கடையில் செய்வதை இங்கே ஏன் செய்வதில்லை?

தெற்காவணி மூல வீதியில் வளையல் வாங்கப் போகிறோம். கடையில் மீனாட்சியம்மன் படத்துக்கு மல்லிகைச் சரம், சாம்பிராணி வாசனை, முதலாளி நெற்றியில் பளிச்சென்று விபூதி. மனசுக்கு நிறைவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் வளையலைத் திருப்பி உள்பக்க முத்திரையைப் பார்க்கிறோம். இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ்.-ஸின் சின்னம், 22 கேரட் என்பதற்கான 916, எழுத்தும் எண்ணும் கலந்த எச்.யு.ஐ.டி. என்ற ஆறு இலக்க அடையாள எண் ஆகிய மூன்றும் இருக்க வேண்டும். அந்த ஆறு இலக்கத்தை பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கிறவர்களும் உண்டு. பிறகு எடை, பிறகு சேதாரத்தில் பேரம். இதனால் முதலாளி முகம் சுளிப்பதில்லை. அவருடைய பக்தியைச் சந்தேகப்பட்டதாக நமக்கும் தோன்றுவதில்லை.

அதே மனிதர், “சும்மா பேங்க்ல கிடக்குற பணம்தானே அண்ணாச்சி, என்கிட்ட அஞ்சு லட்சம் போட்டு வைங்க, மூணு வட்டி தர்றேன்” என்று சொல்லட்டும். முத்திரை பார்க்கிற பழக்கம் அந்த நிமிடமே போய்விடுகிறது. எந்த அனுமதியில் வாங்குகிறார், பணம் எந்தக் கணக்குக்குப் போகிறது, ரசீதில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்க வாய் வருவதில்லை. கேட்டால் மரியாதைக் குறைவு என்று தோன்றுகிறது. ஐயாயிரம் ரூபாய்த் தோட்டுக்குக் கேட்ட கேள்வியை ஐந்து லட்சத்துக்குக் கேட்பதில்லை.

சுருக்கமாக: நகைக்கடையில் ஆள் வேறு, பொருள் வேறு என்று பிரித்துப் பார்க்கிறோம். டெபாசிட்டில் ஆளையே பொருளாக எடுத்துக்கொள்கிறோம்.

ஒளிவட்டம் எப்படி வேலை செய்கிறது

இதற்கு உளவியலில் ‘ஒளிவட்ட விளைவு’ என்று பெயர். ஒருவரிடம் ஒரு நல்ல குணத்தைப் பார்த்ததும், பார்க்காத குணங்களையும் அவருக்குச் சேர்த்துக் கொடுத்துவிடுவது. 1920-ல் எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர், ராணுவ அதிகாரிகள் தங்கள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பெண்களை ஆராய்ந்தார். உடற்கட்டில் அதிக மதிப்பெண் பெற்றவருக்கே அறிவிலும் நடத்தையிலும்கூட அதிகம் விழுந்திருந்தது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத குணங்கள் ஒன்றாகவே ஏறி இறங்கின.

பக்தியுள்ள படித்த தொழில்காரருக்கு இந்த ஒளிவட்டம் இரண்டு. ‘படித்தவர், சட்டம் தெரிந்தவர்’ என்பது ஒன்று. ‘சாமிக்குப் பயந்தவர்’ என்பது இன்னொன்று. இரண்டும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் சி.ஏ. பட்டம் கணக்குத் தணிக்கை செய்யத்தான் அனுமதி தருகிறது. மருத்துவப் பதிவு வைத்தியம் பார்க்கத்தான். வக்கீலின் சன்னது வழக்காடத்தான். ஊராரிடம் டெபாசிட் வாங்க இந்த மூன்றில் எதுவும் அனுமதி ஆகாது. மலைக்குப் பதினெட்டு வருடம் போன குருசாமி என்பதும் ஆகாது.

நம்மவர் மோசடி

ஒரே மதம், சாதி, ஊர், சபை, ஜமாத் என்ற பிணைப்பையே வாசலாக வைத்து நடக்கும் மோசடியை ஆங்கிலத்தில் ‘அஃபினிட்டி ஃப்ராடு’ என்பார்கள். இங்கே அதை ‘நம்மவர் மோசடி’ என்று வைத்துக்கொள்வோம்.

இது எந்த ஒரு மதத்துக்கும் சொந்தமில்லை. 1920-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் 45 நாளில் 50 சதவீத லாபம் என்று பணம் திரட்டிய சார்லஸ் பொன்சி, இத்தாலியிலிருந்து குடியேறியவர். முதலில் வந்து போட்டவர்களில் பலர் அவரைப் போலவே குடியேறிய இத்தாலியர்கள். அதே நாட்டில் அரிசோனா பாப்டிஸ்ட் ஃபவுண்டேஷன் என்ற அமைப்பு தேவாலயங்கள் வழியாக முதலீடு திரட்டி 1999-ல் விழுந்தது. 11,000-க்கும் மேற்பட்டவர்களின் பணம் மாட்டியது. அதன் கணக்கைச் சரி என்று சான்று கொடுத்துவந்த தணிக்கை நிறுவனமான ஆர்தர் ஆண்டர்சன், 2002-ல் 21 கோடியே 70 லட்சம் டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டது. 2008-ல் முதலீட்டு மோசடிக்காகக் கைதான பெர்னார்ட் மேடாஃப், யூதர்களின் யெஷிவா பல்கலைக்கழக அறங்காவலர் குழுவில் பொருளாளராக இருந்தவர். யூத அறக்கட்டளைகள் பலவற்றின் பணம் அவரிடம் போனது. பெங்களூருவில் 2019-ல் முடங்கிய ஐ.எம்.ஏ. குழுமம், வட்டி கூடாது என்று ஒதுங்கி நிற்கும் முஸ்லிம் குடும்பங்களிடம் ‘ஹலால் முதலீடு, லாபத்தில் பங்கு’ என்று சொல்லிப் பணம் வாங்கியது.

மோசடிக்காரருக்கு மதக்கூட்டம் ஏன் இவ்வளவு வசதி? அங்கே ஆட்கள் ஏற்கெனவே வாராவாரம் கூடுகிறார்கள். விளம்பரம் தேவையில்லை. முதலில் சேர்க்கப்படுகிறவர் பெரும்பாலும் அந்தக் கூட்டத்தின் மரியாதைக்குரிய பெரியவர். அவருக்கு நாள் தவறாமல் வட்டி போகும். அவர் மனதாரச் சந்தோஷப்பட்டு நாலு பேரிடம் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை, கமிஷனும் வாங்கவில்லை. அதனால்தான் அவர் பேச்சு எடுபடுகிறது. எந்த ஏஜென்டாலும் அப்படிப் பேச முடியாது. பின்னால் ஊர் வசைபாடும்போது முதல் கல் விழுவது இந்தப் பெரியவர் மேல்தான். அது அநியாயம். ஏமாற்றப்பட்டவர்களில் முதல் ஆளே அவர்தான்.

பணம் சுழலும் விதம்

புதிதாக வருகிறவரின் பணத்தை எடுத்துப் பழையவருக்கு லாபம் என்று கொடுப்பதுதான் ‘பொன்சி திட்டம்’. மேலே சொன்ன அதே பொன்சியின் பெயர்தான். இதில் ஊர் தவறாமல் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: “ரெண்டு வருஷமா ஒரு மாசம்கூடத் தவறாம வட்டி வருதுங்க, அது போதாதா?”

போதாது. கணக்குப் போட்டுப் பாருங்கள். நீங்கள் ஒரு லட்சம் கொடுக்கிறீர்கள். மூணு வட்டி என்றால் மாதம் 3,000 ரூபாய். அவர் எந்தத் தொழிலும் செய்யாமல், உங்கள் ஒரு லட்சத்தைப் பீரோவில் வைத்து அதிலிருந்தே எடுத்துக் கொடுத்தாலும் 33 மாதம் வரும். பாதியைச் செலவழித்துவிட்டு மீதி 50,000-த்திலிருந்து கொடுத்தாலும் 16 மாதம் வரும். உங்கள் கையில் வந்தது வட்டியே இல்லை, உங்கள் சொந்த முதல்.

100 பேர் ஆளுக்கு ஒரு லட்சம் என்றால் ஒரு கோடி. மாதம் 3 லட்சம் கொடுக்க வேண்டும். பாதியை அவர் வீடு, கார், மகள் கல்யாணம் என்று எடுத்துவிட்டால் 16 மாதம் கழித்து மிச்சம் 2 லட்சம்தான். அந்த மிச்சமும் தீர்ந்ததும் பழையவர்களுக்குக் கொடுக்கவே மாதம் புதிதாக 3 பேர் வேண்டும். தன் பாதியையும் அவர் விடாமல் எடுத்துக்கொண்டால் 6 பேர் வேண்டும். அந்த 6 பேருக்கும் மறு மாதத்திலிருந்து 18,000 ரூபாய் கூடுதலாகக் கொடுக்க வேண்டும். ஆக மாதாமாதம் தேவைப்படும் ஆள் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். பள்ளிக்கூடம் திறக்கிற ஜூன் மாதத்தில் பத்துப் பேர் ஒன்றாக முதலைக் கேட்டால் அன்றைக்கே கதை முடிந்தது.

அன்னதானமும் கும்பாபிஷேக நன்கொடையும் இந்தக் கணக்கில் எங்கே வருகின்றன? செலவுப் பக்கத்தில், ஆள் சேர்க்கும் செலவாக. ஒரு கோடி வசூலித்தவர் ஒரு லட்சத்துக்குச் சித்திரைத் திருவிழாவில் நீர்மோர்ப் பந்தல் போட்டு, அன்னதானத்தையும் நடத்தினால் அது வசூலில் ஒரு சதவீதம். கல்வெட்டில் ‘உபயம்’ என்று பெயர் ஏறும். அந்தப் பெயரைப் பார்த்து வருகிற இரண்டு பேர் போட்டாலே செலவு போல இரண்டு மடங்கு வந்துவிடும். கோயிலுக்கு உபயம் செய்கிறவர்களெல்லாம் இப்படி என்று அர்த்தமில்லை. உபயத்தைப் பார்த்து அவரிடம் சொந்தப் பணம் இருக்கிறது என்று முடிவுகட்ட முடியாது, அவ்வளவுதான்.

சுருக்கமாக: தவறாமல் வரும் வட்டியும் தாராளமான தானமும் தொழில் நடக்கிறது என்பதற்குச் சான்று இல்லை. இரண்டையும் உங்கள் முதலிலிருந்தே செய்ய முடியும்.

ஊர் என்ன பேசுகிறது, அதில் எது தவறு

“பேராசை பெருநஷ்டம், இவங்களுக்கு வேணும்.” இதுதான் முதலில் வரும் பேச்சு, மிகவும் புண்படுத்துவதும் இதுதான். மூணு வட்டிக்கு ஆசைப்பட்டவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் மேடாஃப் காட்டியது வருடத்துக்குப் பத்து சதவீதத்தை ஒட்டிய லாபம்தான். ஆசைகாட்டும் தொகையே இல்லை. அவரிடம் போட்டவர்கள் தேடியது பத்திரம். இங்கேயும் ஓய்வுபெற்ற ஆசிரியை தன் கிராஜுவிட்டியைக் கொண்டுபோய்க் கொடுப்பது, தெரியாத பங்குச் சந்தையைவிடத் தெரிந்த மனிதர் பாதுகாப்பு என்று நினைத்துத்தான். பேராசை என்று பட்டம் கட்டியதும் அவர் வாயை மூடிக்கொள்கிறார். சொந்தப் பிள்ளைகளிடம்கூடச் சொல்வதில்லை. புகார் கொடுக்கிறவர் எண்ணிக்கை அப்படித்தான் குறைகிறது.

“பட்டை போட்டவன் எல்லாம் இப்படித்தான்”, “அந்த ஆளுங்களே இப்படித்தான்.” இது கோபத்தை மதத்தின் மேலும் சாதியின் மேலும் திருப்பிவிடுகிறது. உடனே அந்தச் சமூகம் முழுக்கத் தற்காப்புக்கு இறங்குகிறது, நேற்றுவரை சந்தேகப்பட்டவர்களும் “நம்மாளை விட்டுக்கொடுக்க முடியுமா?” என்று அவர் பக்கம் நிற்கிறார்கள். மோசடிக்காரருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது.

“ஸ்டேஷனுக்குப் போனா உள்ளதும் போயிரும், உக்காந்து பேசி முடிச்சுக்கலாம்.” அதிகச் சேதம் செய்வது இந்தப் பேச்சுதான், ஏனென்றால் கேட்பதற்கு நியாயமாக இருக்கும். கமிட்டி கூடும். அவர் சாமி முன்னால் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வார்; மூன்று மாதத் தவணை கேட்பார். மூன்று மாதம் ஆறாகும், ஆறு இரண்டு வருடமாகும். அதற்குள் நிலங்கள் மைத்துனர் பெயருக்கு மாறியிருக்கும். கமிட்டியில் சத்தம் போட்ட நாலு பேருக்கு மட்டும் முழுப் பணமும் போயிருக்கும், அதுவும் மற்றவர்களின் பங்கிலிருந்து. கடனுக்கு எழுதிக் கொடுத்த புரோநோட்டை வைத்து வழக்குப் போடக் காலக்கெடு 3 வருடம்தான். பேசிப் பேசியே அது கடந்துபோகும்.

மெய்ப்பொருள் நாயனார் கதை நம் எல்லோருக்கும் தெரியும். சிவவேடத்தில் வந்து குத்திய முத்தநாதனைப் பத்திரமாக ஊர் எல்லை வரை கொண்டுபோய் விடச் சொன்னார். அவர் கொடுத்தது தன் உயிரை. கமிட்டியில் உட்கார்ந்து “பெரிய மனுஷன், மானம் போயிரும், விட்டுருங்க” என்று சொல்கிறவர் கொடுப்பது அடுத்த வீட்டு விதவையின் பணத்தை. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது.

பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

வட்டி விகிதம்தான் முதல் முத்திரை. ரிசர்வ் வங்கியின் அனுமதியோடு டெபாசிட் வாங்கும் நிதி நிறுவனம்கூட வருடத்துக்கு 12.5 சதவீதத்துக்கு மேல் வட்டி தரக் கூடாது. நம் ஊர்க் கணக்கில் இது ‘ஒரு வட்டி’. அதற்கு ஒரு நூல் மேலே. நிதி லிமிடெட் என்ற பெயரில் நடக்கும் நிறுவனங்களுக்கும் இதே வரம்புதான். அவை தங்கள் உறுப்பினர்களிடம் மட்டுமே வாங்கலாம். ஆகவே ஒருவர் இரண்டு வட்டி, மூணு வட்டி தருவதாகச் சொல்லி ஊரில் டெபாசிட் வசூலித்தால், அவர் சட்டத்துக்கு வெளியே நிற்கிறார் என்று அந்த எண்ணே சொல்லிவிடுகிறது. 2019-ல் வந்த ஒழுங்குபடுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டத்தின்படி, அனுமதியில்லாமல் டெபாசிட் வாங்கினாலே 2 முதல் 7 வருடம் சிறை. ஏமாற்றிய பிறகுதான் குற்றம் என்றில்லை, வாங்குவதே குற்றம். உறவினரிடம் வாங்கும் கடன் போன்ற சிலவற்றுக்கு விலக்கு உண்டு.

ஏலச்சீட்டு என்றால் பதிவுத்துறையின் முன்அனுமதி வேண்டும். சீட்டு நடத்துகிறவரின் கமிஷன் 7 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அனுமதி உத்தரவின் நகலைக் கேளுங்கள். “நம்ம கோயில் சீட்டுக்கு எதுக்குங்க பதிவு?” என்று பதில் வந்தால் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ஆடிட்டர் சான்று காட்டினால் அதில் யு.டி.ஐ.என். என்ற 18 இலக்க அடையாள எண் இருக்கிறதா என்று பாருங்கள். பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் சான்று உண்மையா என்று தெரியும். முதலீட்டு ஆலோசகர் என்று சொன்னால், பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் செபி அமைப்பின் பதிவு எண்ணைக் கேளுங்கள். டெபாசிட் வாங்கும் நிறுவனத்துக்கு அனுமதி உண்டா என்பதை ரிசர்வ் வங்கியின் சச்சேத் இணையதளத்தில் தேடலாம். புகாரும் அங்கேயே போடலாம்.

ரசீதை வீட்டுக்கு வந்து பார்ப்பதைவிட அங்கேயே நின்று படியுங்கள். டிரஸ்ட் பெயரில் வாங்குகிறவர்கள் சிலர் வாயால் வட்டி பேசிவிட்டு, ரசீதில் ‘நன்கொடை’ என்று அச்சடித்துக் கொடுப்பார்கள். நன்கொடை கொடுத்தவருக்குத் திருப்பிக் கேட்கும் உரிமை கிடையாது. பின்னால் அது டெபாசிட்தான் என்று நிரூபிப்பது உங்கள் பாடு. வங்கிக் கணக்கின் பெயரையும் பாருங்கள்; நிறுவனத்துக்கு என்று சொல்லிவிட்டு மனைவியின் சேமிப்புக் கணக்கு எண்ணைக் கொடுத்தால் பணம் போடாதீர்கள். வருமானவரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனாகவோ டெபாசிட்டாகவோ ரொக்கமாக வாங்கக் கூடாது. “கேஷா குடுத்துருங்க, அதுதான் ரெண்டு பேருக்கும் நல்லது” என்று ஒரு ஆடிட்டரே சொன்னால், அவர் தெரியாமல் சொல்லவில்லை.

பணம் மாட்டிக்கொண்டால்

தமிழ்நாட்டில் இதற்கென்றே 1997-ல் வந்த முதலீட்டாளர் நலப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது, சுருக்கமாக டான்பிட். நிறுவனம்தான் என்றில்லை, தனிமனிதர் டெபாசிட் வசூலித்தாலும் பொருந்தும். 10 வருடம் வரை சிறை உண்டு. சிறையைவிட முக்கியம் சொத்து முடக்கம். அரசாணை மூலம் சொத்து முடக்கப்பட்டு, டான்பிட் சிறப்பு நீதிமன்றம் அதை உறுதி செய்த பிறகு ஏலம் விட்டு, டெபாசிட்தாரர்களுக்கு விகிதப்படி பிரித்துக் கொடுப்பார்கள். கெட்ட எண்ணத்தோடு அடுத்தவர் பெயருக்கு மாற்றிய சொத்தையும் முடக்க வழி இருக்கிறது. மதுரையில் பொருளாதாரக் குற்றப்பிரிவும் உண்டு, டான்பிட் நீதிமன்றமும் உண்டு. இது வருடக்கணக்கில் இழுக்கும், முழுப் பணமும் வருவது அரிது. ஆனால் புகார் கொடுக்காதவரின் பெயர் அந்தப் பட்டியலிலேயே இருக்காது.

“ரொக்கமா கொடுத்தேன், நானே மாட்டிக்குவேனோ” என்ற பயத்தில் பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். மேலே சொன்ன ரொக்கத் தடைக்கான அபராதம் வாங்கியவர் மேல்தான் விழும். சம்பளம், ஓய்வூதியம், நிலம் விற்ற பணம் என்று வந்த வழி சொல்ல முடிந்தவர் பயப்பட வேண்டியதில்லை.

கையில் செக் இருந்தால் நாள் கணக்கு முக்கியம். செக்கில் போட்ட தேதியிலிருந்து 3 மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். பணமில்லை என்று திரும்பினால், வங்கி அதைத் தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ் போக வேண்டும். நோட்டீஸ் கிடைத்த 15 நாளில் அவர் பணம் தராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் வழக்குப் போட வேண்டும். “இப்பப் போடாதீங்க, பவுன்ஸ் ஆயிரும், தை பிறக்கட்டும்” என்று அவர் கெஞ்சுவது இந்த 3 மாதத்தைக் கடத்தத்தான். புரோநோட்டு என்றால், இடையில் அவர் ஏதாவது தொகை கொடுத்தால் நோட்டின் பின்பக்கம் தேதியோடு வரவு எழுதி, அவர் கையாலேயே கையெழுத்து வாங்குங்கள். 3 வருடக் கெடு முடிவதற்குள் அப்படி வாங்கினால் அந்தத் தேதியிலிருந்து புதிதாக 3 வருடம் கிடைக்கும்.

புகார் மனுவில் அவர் எத்தனை முறை மலைக்குப் போனார், எந்தக் கோயிலில் என்ன சத்தியம் செய்தார் என்றெல்லாம் இரண்டு பக்கம் எழுதுகிறார்கள். விசாரணைக்கு அது உதவாது. எந்தத் தேதியில், எவ்வளவு தொகை, எந்தக் கணக்கிலிருந்து எந்தக் கணக்குக்கு, யார் முன்னிலையில், என்ன வட்டி என்ற வாக்கில் கொடுத்தீர்கள், கடைசியாக எந்த மாதம் வட்டி வந்தது என்பவற்றை வரிசையாக எழுதுங்கள். ரசீது, பாஸ்புக் பக்கம், வாட்ஸ்அப் செய்தி ஆகியவற்றின் நகல்களை இணையுங்கள். அசலை உங்களிடமே வைத்துக்கொண்டு, மனு கொடுத்ததற்கான ரசீதைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.